வயிற்றில் வந்த பலத்தை நான் மறைத்தேன்

ஆண்டவரை நம்பியிருக்கும் என் அன்பான சகோதர சகோதரிகளுக்கு, பூதலூர் பக்கத்திலிருந்து சுகந்தி எழுதுகிறேன். சக்கர நாற்காலிப் பந்தயத்தில் நூறு மீட்டர் ஓடுகிறவள் என்று சொன்னால் உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து, சாட்சி எழுது, சாட்சி எழுது என்று சபையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் தள்ளிப்போட்டேன். இதில் ஆண்டவர் செய்தது எல்லாம் நன்மை. நான் செய்ததை எழுதத்தான் கை வரவில்லை.

முதலில் என் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது எனக்கு அடிபட்டது. சம்பா அறுப்பு நேரம். தஞ்சாவூரிலிருந்து ரயிலில் வந்து பூதலூரில் இறங்கினால், எங்கள் ஊருக்குப் போகும் மினி பஸ் அன்று வரவில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் டிராக்டரில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார். "ஏறிக்கம்மா, விட்டுடறேன்" என்றார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் வைக்கோலின் மேல் ஏறி உட்கார்ந்தோம். வாய்க்கால் பாலத்தில் திரும்பும்போது டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர்கள் இருவரும் வைக்கோலோடு சரிந்து வயலில் விழுந்தார்கள். நான் பாலத்தின் சுவரில் விழுந்தேன்.

முதுகுத்தண்டு நசுங்கியிருக்கிறது, முழுவதும் அறுந்துபோகவில்லை என்றார் டாக்டர். "கொஞ்சம் திரும்பி வரலாம். வராமலும் போகலாம். நாங்க உறுதி சொல்ல முடியாது." நெஞ்சுக்குக் கீழே என் உடம்பு என்னுடையதாக இல்லை. உட்கார வைத்தால் சாக்கு மூட்டை போலப் பக்கவாட்டில் சரிவேன். சிறுநீர் போவது தெரியாது. அம்மா நடவுக்குப் போய்விட்டு மத்தியானம் ஓடிவந்து எனக்குத் துணி மாற்றிவிட்டு மறுபடியும் வயலுக்கு ஓடுவார். அந்த நாட்களில் வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, என்னை ஏன் அந்தப் பாலத்திலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆண்டவரிடம் வாய்விட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்போது என் சபை என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபத்தில் எனக்காகக் கேட்டார்கள். பாஸ்டரம்மா என் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளைய நடக்கப் பண்ணுங்க ஆண்டவரே" என்று தொண்டை கட்டும்வரை ஜெபிப்பார். அம்மா அன்று பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுச் சேற்றில் இறங்கி நாற்று நடுவார். சாயங்காலம் வந்து, கையைக் கழுவிவிட்டு, என் பாதத்தை அழுத்திப் பார்ப்பார்.

"தெரியுதாடி?"

"இல்லம்மா."

"சரி விடு. அடுத்த வாரம் தெரியும்."

வருடக்கணக்காக இப்படித்தான்.

இதற்கிடையில் தஞ்சாவூரில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு விளையாட்டு முகாம் நடந்தது. சித்தப்பா ஆட்டோவில் கூட்டிப்போனார். அங்கேதான் கோச் ரேவதி மேடத்தைப் பார்த்தேன். என் தோளைத் தட்டிப் பார்த்து, "இவ்ளோ நாளா எங்கம்மா இருந்த?" என்றார். பந்தய நாற்காலியை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு சின்னச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம். காலை மடித்து உட்கார்ந்து, தொடையோடு நெஞ்சு படும்படி குனிந்து, தடித்த கையுறையால் சக்கரத்தின் வளையத்தை அடித்துத் தள்ள வேண்டும். முதல் நாளே உள்ளங்கை கன்றிப்போனது. அன்று இரவு அடிபட்ட பிறகு முதல் தடவையாக நான் அழாமல் தூங்கினேன்.

அதன் பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் புது ஆறு என்ற கால்வாயின் கரைச் சாலையில் தள்ளுவேன். அறுப்புக் காலத்தில் சாலையில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். "ஏய், நெல்லு மேல ஏத்தாத" என்று ஆரம்பத்தில் திட்டியவர்கள், பிறகு என்னைத் தூரத்தில் பார்த்ததும் நெல்லை ஒதுக்கி வழி விட்டார்கள். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போனேன். பேப்பரில் படம் வந்தது. ஊரில் "பாவம் அந்தப் பொண்ணு" என்ற பேச்சு நின்றுபோனது.

சபையில் மட்டும் அது நிற்கவில்லை. நான் மெடலோடு வந்தாலும் வெள்ளிக்கிழமை என்னை முன்னால் தள்ளிக்கொண்டுபோய், நடக்கப் பண்ணுங்க என்றுதான் கேட்டார்கள். எனக்குக் கோபம் வரும். நான் இப்படியே நன்றாகத்தானே இருக்கிறேன், இவர்கள் ஏன் என்னை இன்னும் பாதி ஆளாகவே பார்க்கிறார்கள் என்று தோன்றும். அவர்கள் எனக்குக் கால் கேட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சர்வதேச மெடல் கேட்டேன். ஒரே ஜெபத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு தனித்தனி விண்ணப்பம்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பந்தயத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஓடுவதில்லை. உடம்பில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று சோதித்துப் பிரிவு கொடுப்பார்கள். கை நன்றாக இருந்து, வயிற்றிலும் முதுகிலும் பலமே இல்லாதவர்கள் ஐம்பத்துமூன்றாம் பிரிவு. வயிற்றிலும் முதுகிலும் பலம் இருப்பவர்கள் ஐம்பத்துநான்கு. இரண்டுக்கும் வித்தியாசம் புறப்படும்போது தெரியும். வயிற்றில் பலம் இல்லாவிட்டால், முதல் அடி அடித்ததும் உடம்பு மேலே எம்பிவிடும். பலம் இருந்தால் உடம்பைக் கீழேயே பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த அடியை அடிக்கலாம். நூறு மீட்டரில் அதுதான் பாதிப் பந்தயம். நான் ஐம்பத்துமூன்று.

கடந்த தை மாதம் அது வந்தது.

மைதானத்தில் ஸ்டார்ட் பழகிக்கொண்டிருந்தேன். முதல் அடி அடித்தேன். உடம்பு எம்பவில்லை. தொப்புளுக்கு மேலே, உள்ளே, ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. மறுபடி அடித்தேன். மறுபடி இழுத்தது. மேடம் தூரத்திலிருந்து, "சூப்பர்! ஸ்டார்ட் நல்லா வருது!" என்று கத்தினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் கை வைத்து இருமிப் பார்த்தேன். கைக்குக் கீழே தசை இறுகியது.

அன்பானவர்களே, அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அத்தனை வெள்ளிக்கிழமைகளுக்குக் கிடைத்த முதல் பதில் அது. வாசலுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். இது தெரிந்தால் ஐம்பத்துநான்கில் போட்டுவிடுவார்கள். அங்கே நான் கடைசி. வெளிநாட்டுப் போட்டிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே, இப்ப வேண்டாம். போட்டி முடியட்டும்" என்று ஜெபித்தேன். கொடுத்ததைக் கொஞ்ச நாள் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் அம்மா பட்டினியோடு வயலிலிருந்து வந்தார். பாதத்தை அழுத்தினார். முழங்காலை அழுத்தினார். பிறகு என்ன தோன்றியதோ, வயிற்றிலும் கை வைத்தார்.

"இங்க ஏதாவது தெரியுதாடி?"

"இல்லம்மா."

எத்தனையோ தடவை சொன்ன அதே வார்த்தைதான். அன்றுதான் அது பொய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பொய். அம்மா என் வயிற்றைப் போர்வையால் மூடிவிட்டு, அதற்கப்புறம்தான் போய்ச் சாப்பிடுவார். தட்டில் சோறு விழும் சத்தம் எனக்குக் கேட்கும்.

தேர்வானேன். என்னோடு கோமதியும் தேர்வானாள். அவள் நன்னிலம். என்னைவிட நான்கு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சல் அவள் முதுகுத்தண்டைக் கெடுத்துவிட்டது. அவளும் ஐம்பத்துமூன்று. அவளுக்கு நிஜமாகவே வயிற்றில் எதுவும் கிடையாது. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்கினால் முன்னால் விழுந்துவிடுவாள். பயிற்சியில் நான் அவளைவிடக் கொஞ்சம் வேகம். தை மாதத்துக்குப் பிறகு நிறையவே வேகம். அவள் அதற்காக என்னைப் பாராட்டுவாள். "அக்கா, எப்படிக்கா இப்படிப் புடிக்கிற ஸ்டார்ட்ட?" என்பாள். "ப்ராக்டீஸ்டி" என்பேன்.

போட்டி நடந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் செய்ததற்கு அந்த ஊர் என்ன செய்யும்? போட்டிக்கு முன்னால் ஒவ்வொருவரையும் சோதித்துப் பிரிவை உறுதி செய்வார்கள். என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் டாக்டரும், விளையாட்டு தெரிந்த ஒருவரும் இருந்தார்கள். ரேவதி மேடம் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். கதவுக்கு வெளியே காத்திருந்தபோது, "ஆண்டவரே, இதை யாரும் கண்டுபிடிக்காமல் மூடி வையுங்கள்" என்று ஜெபித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்த ஜெபத்தையும் அவருடைய நாமத்தில்தான் ஏறெடுத்தேன்.

கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து மறுபடி நிமிரச் சொன்னார்கள். நான் சாய்ந்தேன். வயிறு தானாக இறுகப் பார்த்தது. மூச்சை விட்டு அதைத் தளர்த்தினேன். தொப்பென்று தொடைமேல் விழுந்தேன். அந்தப் பெண் டாக்டர் ஓடிவந்து என்னைத் தாங்கி நிமிர்த்தினார். முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு ஏதோ சொன்னார்.

"சாரி சொல்றாங்க. வலிச்சுதான்னு கேக்கறாங்க" என்றார் மேடம்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்!

ஐம்பத்துமூன்று என்று உறுதி செய்தார்கள். நான் வெளியே வந்து தோத்திரம் சொன்னேன். ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது வெட்கத்தில் என் காது சுடுகிறது.

மறுநாள் காலை. எனக்கும் கோமதிக்கும் ஒரே அறை. அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கொண்டை போட்டேன். கிளிப் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன், நிமிர்ந்தேன். எங்கேயும் கை ஊன்றவில்லை. திரும்பிப் பார்த்தால் கோமதி கண் விழித்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, கையே வைக்காம நிமிந்தியே."

"இல்லடி, கட்டிலப் புடிச்சிட்டுத்தான்..."

அவள் என் பொய்யைக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அவள் கண் பெரிதாகியிருந்தது.

"எப்படிக்கா இருக்கும்? உள்ள இழுக்கறப்ப எப்படி இருக்கும்?"

நான் கிளிப்பைக் கொண்டையில் செருகினேன்.

"எனக்கு மறந்தே போச்சுக்கா. அது வேணும்னு எங்க மாரியம்மனுக்கு எங்கம்மா எத்தன தடவ பால்குடம் எடுத்திருக்கும் தெரியுமா?" தன் வயிற்றை ஒரு கையால் தொட்டுக்கொண்டாள். மற்றொரு கை கம்பியை விடவில்லை. "நீ பயப்படாத. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு மட்டும் வந்திருந்துச்சுன்னா, நன்னிலம் பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்தியிருப்பேன்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்கு மாறி, கையுறையை மடியில் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டியிருந்தால் கெஞ்சியிருப்பேன். அவள் ஆசைப்பட்டாள். நான் ஒளித்து வைத்திருந்த பொருளைக் கடை ஜன்னலில் பார்க்கும் குழந்தை போல ஆசைப்பட்டாள். அவளைத்தான் நான் தோற்கடிக்கப் போகிறேன். அவளிடம் இல்லாத பலத்தை வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லித் தோற்கடிக்கப் போகிறேன்.

தனியாக உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. கடைசியில், "எனக்குத் தைரியம் இல்லை. மெடல் வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை. நீங்களே என் வாயைத் திறந்துவிடுங்கள்" என்றேன். எனக்கு அடிபட்டதிலிருந்து ஒளிவுமறைவு இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ரேவதி மேடம் கதவைத் தட்டினார். "என்னம்மா இன்னும் கிளம்பல? ஸ்டார்ட் மட்டும் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். சரி மேடம், இதோ வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மேடம், எனக்கு வயித்துல பலம் இருக்கு. நேத்து நான் பொய்யா விழுந்தேன்."

இதைச் சொன்னது நான்தான். ஆனால் சொல்லலாம் என்று நான் முடிவு செய்யவில்லை. அதனால்தான் இதை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்கிறேன்.

மேடம் கதவைச் சாத்திவிட்டுக் கோமதியின் கட்டிலில் உட்கார்ந்தார். "என்ன சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? தடை போடுவாங்க. பேரு கெட்டுப்போகும். உனக்கு மட்டுமில்ல, எனக்கும், டீமுக்கும்."

"தெரியும் மேடம்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" குரல் உடைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "தையிலேயே உன் ஸ்டார்ட்டப் பாத்து எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கேக்கல. கேட்டா நீ சொல்லிடுவியோன்னு கேக்கல."

அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோனார். அதே அறை. அதே பெண் டாக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். மேடம் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போய்விட்டது. டாக்டர் என் வயிற்றில் கை வைத்து இருமச் சொன்னார். சாய்ந்து நிமிரச் சொன்னார். சாய்ந்தேன், நிமிர்ந்தேன். நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "ஜெயிக்கணும்னு" என்றேன். அதை மொழிபெயர்க்க மேடத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்த முறை டாக்டர் என் முடியை ஒதுக்கவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்த தண்டனைகளில் அதுதான் பெரியது.

அன்று முழுவதும் காத்திருந்தோம். மேடம் சாப்பிடவில்லை. சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஓடுவதற்கு முன்பே நானாக வந்து சொன்னதால் தடை இல்லை, கடுமையான எச்சரிக்கை மட்டும். இனி நான் ஐம்பத்துநான்கு. விரும்பினால் அந்தப் பிரிவில் ஓடலாம். மேடம் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தார். நான் தடை வரும் என்றே இருந்தேன். எனக்கு அந்தத் தண்டனை வேண்டியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆண்டவர் அதைத் தரவில்லை.

அடுத்த நாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் சம்பா நடவு. அம்மா வயலில் இருந்தார். பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம், தண்ணீர்ச் சத்தம்.

"அம்மா, வயித்துல தெரியுதும்மா."

"என்னடி சொல்ற? சத்தமாச் சொல்லு."

"வயித்துல உணர்ச்சி வந்திருக்கும்மா. பலம் வந்திருக்கு. டாக்டரம்மா பாத்துச் சொல்லிட்டாங்க."

அம்மா "யேசப்பா" என்றார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மா கேட்டுவிட்டார்.

"எப்பலேருந்துடி?"

"தையிலேருந்தும்மா."

"அப்ப நான் தொட்டுத் தொட்டுக் கேட்டப்பல்லாம்?"

"தெரிஞ்சுச்சும்மா."

போன் வைக்கப்பட்டது. தை, மாசி, பங்குனி, சித்திரை என்று அம்மா பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றில் எதையும் என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மத்தியானம் அம்மாவே கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"வரப்புல உக்காந்து அழுதேன். என்னன்னு எல்லாரும் ஓடியாந்தாளுங்க. சொல்லாம இருக்க முடியலடி. சொன்னேன். நட்டுக்கிட்டிருந்தவ அத்தன பேரும் நாத்தக் கையில வச்சிக்கிட்டே குலவை போட்டாளுங்க. வேற சாமி கும்புடறவளும் போட்டா." மூக்கை உறிஞ்சினார். "நீ எங்கிட்ட மறச்சத, வந்தப்புறம் பேசிக்கறேன். ஒழுங்காச் சாப்பிடு."

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. அம்மா இன்றுவரை அதைப் பேசவில்லை. திட்டிவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

என் பந்தயம் வந்தது. எனக்கு இரண்டு பக்கமும் பெரிய தோள்களோடு பெண்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வளையத்தை அடித்தேன். வயிற்றை இறுக்கினேன். தை மாதத்திலிருந்து அந்தப் பலத்தைப் பயன்படுத்தியபோதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்ற பயத்தோடுதான் பயன்படுத்தியிருக்கிறேன். அன்று எல்லாரும் பார்க்கத் தள்ளினேன். முதல் சில அடிகள் அவர்களோடு சரியாகப் போனேன். பிறகு அவர்கள் முதுகுகள் ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் வந்தன. கடைசியாக முடித்தேன். நிறுத்தியபோது மூச்சு வாங்கியது, சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கோமதியின் இறுதிப் பந்தயத்தைப் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இதையும் எழுதிவிடுகிறேன். அவள் கடைசித் தூரத்தில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தபோது, ஒரு கணம், அவள் பின்தங்க வேண்டும் என்று என் மனது நினைத்தது. அவ்வளவு கெஞ்சி ஜெபித்த பிறகும், அவ்வளவு தூரம் ஆண்டவர் என்னைக் கொண்டுவந்த பிறகும் நினைத்தது. அடுத்த கணம் மேடத்தோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்கு வெண்கலம்.

மெடலோடு நேராக என்னிடம் வந்தாள். "நீ ஓடியிருந்தா இது உன்னதுக்கா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

"இல்லடி. அப்பவும் இது உன்னதுதான். எங்கிட்ட இருந்திருக்கும், அவ்வளவுதான்."

அவள் மெடலை என் கையில் வைத்தாள். என்னால் அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். "சரி, இப்பவாவது சொல்லு. எப்படி இருக்கும்?" என்று விடாமல் கேட்டாள்.

யோசித்துச் சொன்னேன். "சேத்துல கால வச்சா உள்ள இழுக்கும் பாரு. அந்த மாதிரி, வயித்துக்குள்ள."

"சேத்துல கால் வச்சது எனக்கு ஞாபகம் இருக்குக்கா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மெடலோடு வருவேன் என்று சிலர் எதிர்பார்த்தார்கள், நடந்து வருவேன் என்று சிலர். "இம்மட்டுந்தானா?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பாஸ்டரம்மா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ மறச்சது தப்புதாம்மா. ஆனா ஒண்ணு. உனக்கு என்ன வேணும்னு உங்கிட்ட ஒரு நாளும் கேக்காமலே நாங்க இத்தன வருஷம் கேட்டுக்கிட்டிருந்தோமே, அதையும் நெனச்சா எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார்.

இப்போது எங்கள் சபையில் யாருக்காக ஜெபித்தாலும் முதலில் அவரிடம் கேட்கிறார்கள். கோமதிக்காக நான் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்க நினைத்தபோது நானும் அவளிடம் போனில் கேட்டேன். "வேண்டிக்கக்கா. எங்க மாரியம்மன் கோவிச்சுக்காது" என்று சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைப் பட்டினி கிடக்க நான் விடுவதில்லை. என் கையால் பரிமாறிச் சாப்பிட வைக்கிறேன்.

நான் இன்னும் ஓடுகிறேன், ஐம்பத்துநான்கில். தேசியப் போட்டியில்கூட இன்னும் பின்னால்தான் வருகிறேன். காலில் எதுவும் வரவில்லை. வந்தால் அன்றைக்கே சொல்லுவேன். குற்ற உணர்வு போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். அந்தப் பெண் டாக்டரின் முகம் ஞாபகம் வரும்போது மட்டும் அந்த நம்பிக்கை தடுமாறும். அப்போது அதையும் அவரிடமே சொல்லுகிறேன். முன்பெல்லாம் எனக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்வேன்.

அன்பானவர்களே, பெரிய அற்புதத்துக்காகக் காத்திருக்கிறீர்களா? காத்திருங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். அவர் கேட்கிறார். அதற்கு நான் சாட்சி. ஆனால் பதில் உங்கள் திட்டத்தைக் கலைத்துக்கொண்டு வரலாம். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வரலாம். அப்படி ஏதாவது உங்களுக்கு ஏற்கெனவே வந்திருந்து, யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். உங்களுக்காகப் பட்டினி கிடக்கிறவர் அடுப்படியிலோ வயலிலோ இருப்பார். அவரிடம் முதலில் சொல்லுங்கள்.